துண்டு இல்லாமல் தராத கடை

இலங்கையின் வடக்கே, ஏ-35 வீதியில், பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடைப்பட்ட ஒரு சந்தியில், உரக்கடைக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் நடுவே ஒரே அறையில் இயங்கும் மருந்துக் கடை ஒன்றைப் பற்றிக் கடந்த மாரியிலிருந்தே எழுத நினைத்திருந்தேன். பெயரைப் போடலாமா என்று கேட்டபோது, கடையை நடத்தும் மருந்தாளர் அம்மா, "வேண்டாம் ரீச்சர், இப்ப வாற சண்டையே எனக்குக் காணும்" என்று மறுத்துவிட்டார். எந்தச் சண்டையைச் சொல்கிறார் என்பது கீழே வரும். அந்த வழியால் போய்வருபவர்களுக்கு இடம் எது என்பதைப் பெயர் இல்லாமலே கண்டுபிடிக்க முடியும் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள். பற்றீரியாக்கள் மருந்துகளுக்குத் தாக்குப்பிடிக்கும் ஆற்றலை எப்படிப் பெறுகின்றன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் கீறி விளக்குபவள். அப்படி இருந்தும், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் மூத்த மகளுக்கு வயிற்றோட்டம் வந்தபோது, வேறொரு ஊரில் உள்ள வேறொரு கடைக்குப் போய், "பிள்ளைக்கு வயிற்றாலை போகுது, ஏதாவது தாங்கோ" என்று சொல்லி, அவர்கள் தந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். ஓர் அமொக்சிசிலின் பாணிப் போத்தல், கடதாசிப் பையில் உதிரியாகப் போட்ட ஆறு மெற்றோனிடசோல் குளிசைகள் (இரண்டுமே நுண்ணுயிர்க்கொல்லிகள், அதாவது அன்ரிபயோட்டிக்குகள்), வயிற்றோட்டத்தை "நிற்பாட்ட" இரண்டு லோபெரமைட். பிள்ளையின் வயதைக்கூட அங்கே கேட்கவில்லை. மூன்றாம் நாள் வயிற்றோட்டம் நின்றது. மருந்தால் நின்றது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். தானாகவே நின்றிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. மிச்சப் பாணி குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒரு மாதம் கிடந்தது. அடுத்த வளவுப் பிள்ளைக்கு இருமல் என்று கேட்டபோது அதை எடுத்துக் கொடுத்ததும் நானேதான். தண்ணீர் விட்டுக் கலக்கிய அமொக்சிசிலின் பாணி ஒன்று, இரண்டு கிழமைகளுக்கு மேல் தாங்காது என்பதும், வயிற்றோட்டத்தையே உண்டாக்கக்கூடிய மருந்துகளில் அதுவும் ஒன்று என்பதும், சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு லோபெரமைட் கொடுக்கவே கூடாது என்பதும் நான் புத்தகத்தில் படித்தவைதான்.

இனி இந்தக் கடை. கடந்த மார்கழியில், நான்கு நாள் விடாமழைக்குப் பிறகு, பதினாறு மாதமான என் மகன் விடியற்புறம் தொடங்கி எட்டுத் தரம் தண்ணீராகப் போய், இரண்டு தரம் சத்தியும் எடுத்துவிட்டான். வழமையான கடை பூட்டியிருந்ததால், மாமியையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தோம். நான் வாயைத் திறந்து மருந்தின் பெயரைச் சொல்லும் முன்னரே மருந்தாளர் அம்மா கேள்விகளைத் தொடங்கிவிட்டார். "எத்தினை தரம் போனவர்? இரத்தம், சளி கலந்து போகுதோ? கடைசியாச் சலம் எப்ப போனது? தண்ணி குடுத்தால் குடிக்கிறாரோ, தள்ளுறாரோ? பிள்ளையின்ரை நிறை எவ்வளவு?" நிறை எனக்குத் தெரியவில்லை. கிளினிக் பதிவேட்டைக் கொண்டு வரவில்லையா என்று கேட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வெளியே வந்து, பிள்ளையின் வயிற்றுத் தோலை இரு விரல்களால் கிள்ளி விட்டார். தோல் உடனே பழைய நிலைக்குப் போனது. கண்களைப் பார்த்தார், வாயின் ஈரத்தைப் பார்த்தார். ஒரு கோப்பையில் தண்ணீர் கொடுத்தபோது அவன் அதைப் பறித்துக் குடித்தான். "தாகம் இருக்கு. சோர்வு இல்லை. வீட்டிலை வைச்சுப் பாக்கலாம். பின்னேரத்துக்குள்ளை சலம் போகாட்டியோ, கண் உள்ளுக்குப் போனாலோ, இரத்தம் கண்டாலோ, குடிக்க மாட்டன் எண்டாலோ என்னட்டை வரக்கூடாது, நேரா ஆஸ்பத்திரி" என்றார்.

பாணி ஒன்று தாங்கோ என்று மாமி கேட்டார். வைத்தியர் எழுதித் தந்த மருந்துத் துண்டு இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை. இல்லையென்றால் இல்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட கடையின் அனுமதிப்பத்திரம் அவருக்குப் பின்னால் சட்டமிட்டுத் தொங்கியது. எத்தனையோ கடைகளில் அப்படியொரு கடதாசி தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதில் உள்ளபடி நடக்கும் கடைக்காரரைப் பார்த்தது குறைவு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் துண்டில்லாமல் விற்கக்கூடாது என்பது இந்த நாட்டில் புதிய விதி அல்ல. அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறந்துபோனோம்.

அவர் விற்றது இரண்டே பொருட்கள். ஒன்று, எங்கள் வாயில் ஜீவனி என்று வழங்கும் உப்புக்கரைசல் பொதி. மற்றது, பத்து நாளைக்கு நாளொன்றுக்கு ஒன்றாகக் கரைத்துக் கொடுக்க வேண்டிய 20 மில்லிகிராம் நாகக் (சிங்க்) குளிசை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அதில் பாதி. பொதியின் விலை ஓர் இளநீரின் விலைக்கும் குறைவு. ஆட்டோக் கூலிக்குப் பக்கத்தில் மருந்துச் செலவு தூசு.

இந்தக் கடைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்கு அடுத்ததாக நடந்த காரியத்துக்காகத்தான். பொதியைத் தந்துவிட்டு அவர் விடவில்லை. "எதிலை கரைப்பியள்?" என்று கேட்டார். "போத்தலிலை" என்றார் மாமி. வன்னியில் பால், தேன், மண்ணெண்ணெய் எல்லாமே போத்தல் கணக்கில்தான் புழங்குகின்றன. அந்தப் போத்தல் 750 மில்லிலீற்றர் கொள்ளும் சாராயப் போத்தல். பொதியோ ஒரு லீற்றருக்கு அளந்தது. மருந்தாளர் அம்மா மேசைக்குக் கீழே இருந்து கோடு போட்ட பிளாஸ்ரிக் குவளை ஒன்றை எடுத்து, சாராயப் போத்தல் ஒன்றில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி அதற்குள் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் மேற்கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. "இந்த நாலு விரல்தான் பிள்ளைக்குக் கேடு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் மாற்றியமைத்த சூத்திரத்தில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் கறியுப்பு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சோடியம் சித்திரேற்று என மொத்தம் 20.5 கிராம் உண்டு. சோடியத்தின் அளவு லீற்றருக்கு 75 மில்லிமோல். அதையே சாராயப் போத்தல் தண்ணீரில் கரைத்தால் 100 ஆகிவிடும். பழைய சூத்திரத்தில் உப்பு கூடுதலாக இருந்ததைப் பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு குறைத்தார்கள். நாங்கள் போத்தலை மாற்றி அதைத் திரும்பவும் கூட்டிவிடுகிறோம். கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பொதிக்கு முழு லீற்றர், பொதியைப் பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது, கரைத்தது 24 மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே. ஒவ்வொரு தரம் போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டியால். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெல்ல மெல்ல. தாய்ப்பாலையும் சோற்றுக் கஞ்சியையும் நிறுத்தவே கூடாது.

மாமிக்கு இதில் திருப்தி இல்லை. உப்புத் தண்ணீருக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது பொதியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், "செட்டிகுளம் முகாமிலை இதைத்தானே தந்தவை" என்றார். 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த அந்தக் கூடாரங்களுக்கு நடுவே வயிற்றோட்டம் ஓடித் திரிந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றும் அந்த ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் அவருக்கு இன்னொரு முகாமின் கதையைச் சொன்னேன். 1971 இல், வங்காளதேசப் போரின்போது, எல்லை தாண்டி வந்த அகதிகள் நிறைந்த மேற்கு வங்காள முகாம் ஒன்றில் கொலரா பரவி, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, டிலிப் மகாலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோசையும் அளந்து கரைத்து, அதைப் பிள்ளைகளுக்கு வாயால் ஊட்டும்படி தாய்மாரிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நாலுக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோசு உட்புகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. இதற்குள் வேறு வித்தை இல்லை.

அந்தக் கடையில் ஏன் பாணி தரவில்லை என்பதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடையைத் திட்டுபவர்களில் பலர் அவர் இருப்பில்லாமல் மறுப்பதாக நினைக்கிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு வரும் தண்ணீரான வயிற்றோட்டத்தில் பெரும்பகுதிக்கு ரோட்டா போன்ற வைரசுக்களே காரணம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரசைத் தொடாது. ஆனால் அது பிள்ளையின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களைத் தொடும். மருந்துக்கு மசியும் வகைகள் சாகும். மசியாதவை எஞ்சி, காலியான இடத்தில் பெருகும். அப்படி எஞ்சிய, ஈ. கோலை என்ற குடல் பற்றீரியா தனியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் எதிர்ப்பாற்றல் பல வேளைகளில் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டீஎன்ஏ வளையத்தில் இருக்கிறது, அந்த வளையத்தைப் பக்கத்தில் வரும் வேறு இனப் பற்றீரியாவுக்கும் அது கடத்திவிடும். 1950களில் ஜப்பானில், நாலு மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் மசியாத ஷிகெல்லா என்ற பற்றீரியாக்கள் வயிற்றுளைவு நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த ஆற்றல் ஈ. கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே கைமாறுகிறது என்பதை 1959 இல் ஒச்சியாய், அக்கிபா ஆகிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது, பிள்ளைகளின் வயிற்றுளைவுக் கிருமிதான் இந்தக் கைமாற்றை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது. அந்தக் கிருமியின் பெயரே 1897 இல் அதைக் கண்டறிந்த ஜப்பானியரான கியோஷி ஷிகாவின் பெயரிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு ஷிகெல்லா ஒவ்வொரு மருந்தாக உதறிக்கொண்டு வந்திருக்கிறது. சல்பா மருந்துகள், ரெற்றாசைக்கிளின், அம்பிசிலின், கோ-ட்ரைமொக்சசோல், பின்னர் நலிடிக்சிக் அமிலம். பிறகு சிப்ரோபுளொக்சசின் வந்தது. அதற்கும் மசியாத ஷிகெல்லா சொன்னெய் என்ற இனம் தெற்காசியாவில் தோன்றி உலகின் பல பாகங்களுக்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட, அவசரமாகப் புதிய மருந்து தேவைப்படும் பற்றீரியாக்களின் பட்டியலில், இந்த மருந்துக் குடும்பத்துக்கு மசியாத ஷிகெல்லா உயர் முன்னுரிமைப் பிரிவில் நிற்கிறது. நோயைப் பற்றவைக்க அதற்குப் பத்து முதல் நூறு உயிரணுக்கள் போதும். கை கழுவாத ஒரு விரல் நுனிக்கு அது பெரிய பாரமே அல்ல.

இதெல்லாம் கரும்பலகைக்கு உரியவை என்று இருந்த என்னை, கடந்த தை மாதம் என் அண்ணாவின் மகள் உலுக்கினாள். மூன்றரை வயது. காய்ச்சல், வயிற்று முறுக்கு, சளியோடு இரத்தம். அண்ணா நேரே இதே கடைக்குத்தான் போயிருக்கிறார். இரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் மருந்தாளர் அம்மா ஒன்றும் விற்கவில்லை; ஜீவனிப் பொதிகூட அன்று விற்பனைக்கு அல்ல, ஒன்றைக் கரைத்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, "வழியிலை குடுத்துக்கொண்டு போங்கோ, நிக்காதையுங்கோ" என்று வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார். வாசித்துவிட்டு யாரும் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது: இரத்தம் கலந்த வயிற்றுளைவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைதான். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை முடிவெடுக்க வேண்டியவர் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர்.

வைத்தியசாலையில் மருந்து தொடங்கியும் இரண்டு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மலப் பரிசோதனை அறிக்கை வந்தது. அண்ணா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் மசியும், 'ஆர்' என்றால் மசியாது. அம்பிசிலின், ஆர். கோ-ட்ரைமொக்சசோல், ஆர். சிப்ரோபுளொக்சசின், ஆர். அதற்குக் கீழேதான் முதலாவது 'எஸ்' வந்தது. அந்த எழுத்துகள் எப்படிக் கிடைக்கின்றன என்பதை ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்கு நான் செய்து காட்டியிருக்கிறேன்: பற்றீரியாவைப் பூசிய தட்டில் மருந்தூறிய சிறு வட்டக் கடதாசிகளை வைத்து இரவு முழுவதும் வளரவிட்டால், மருந்து வேலை செய்யும் வட்டத்தைச் சுற்றி ஒன்றும் வளராமல் வெறுமையாக இருக்கும், வேலை செய்யாத இடத்தில் வட்டத்தின் விளிம்பு வரை புல் முளைத்ததுபோல் மூடி வளர்ந்திருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயருக்குக் கீழே அந்தப் புல்லைக் கண்டபோது கை நடுங்கியது. மருந்தை மாற்றினார்கள், பிள்ளை தேறிவிட்டாள். நான் அன்று கொடுத்த பாணிக்கும் இதற்கும் தொடர்புண்டா என்று வார்ட் வைத்தியரிடம் அண்ணாவைக் கொண்டு கேட்பித்தேன். ஒரு வீட்டின் போத்தல் ஒன்றால் வருவதல்ல, கிருமி வரும்போதே ஆயுதத்தோடு வருகிறது, ஊர் முழுக்கப் பல ஆண்டுகளாக வாங்கிய போத்தல்களும் கோழிப் பண்ணைகளில் கொட்டிய மருந்துகளும் சேர்ந்து கொடுத்த ஆயுதம் அது என்றாராம். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அந்த ஊரில் நானும் இருக்கிறேனே.

என் மகனுக்கு ஐந்தாம் நாள் சுகமாகிவிட்டது. நாகக் குளிசையைப் பத்து நாளும் கொடுத்தோம். மாமி முதலில் அதையும் நம்பவில்லை. வயிற்றோட்டம் நின்ற பிறகு எதற்கு என்று கேட்டார். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குத் திரும்பி வராமலிருக்க அது உதவும் என்று மருந்தாளர் அம்மா கைபேசியில் விளக்கியபோதுதான் அடங்கினார். ஆம், கைபேசியில். இரண்டாம் நாள் மாலை அவரே எடுத்துப் பிள்ளை சலம் போனதா என்று கேட்டார். எங்கள் கிணற்றைப் பற்றியும் விசாரித்தார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து வெள்ளம் வந்தபோது எங்கள் கிணற்றின் கட்டுக்கு மேலாலும் தண்ணீர் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்ட பிறகே அதைப் பாவித்தோம். பிறகு கொதிக்கவைக்கும் பழக்கம் மெல்ல மெல்லக் கைவிட்டுப் போயிருந்தது. இந்த மாரியிலிருந்து திரும்பவும் தொடங்கியிருக்கிறோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பகல் ஒரு மணிக்குப் பூட்டினால் மூன்று மணிக்குத்தான் திறக்கிறார்கள். இரவு ஏழுக்குப் பிறகு கதவு இல்லை. காத்திருக்க ஒரு வாங்குகூடக் கிடையாது, வீதித் தூசிக்குள் பிள்ளையோடு நிற்க வேண்டும். நாகக் குளிசை இரண்டு தரம் இருப்பில் இல்லாமல் போனது. மருந்துப் பையில் எழுதித் தரும் கையெழுத்தை அவரைத் தவிர யாரும் வாசிக்க முடியாது, அதுவும் ஆங்கிலத்தில். பிள்ளைக்கு மருந்து கொடுக்கப் போகும் பாட்டிமாருக்கு அதில் என்ன விளங்கும்? துண்டு விடயத்தில் இவ்வளவு கண்டிப்பானவர், முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் உடம்பு வைக்கும் மாவுகளையும் நிறம் வெளுக்கும் பூச்சுகளையும் அடுக்கி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டேன். "பாணியை வித்தால் வாற காசை வேறை எதிலை எடுக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் காசு சின்னக் காசு அல்ல என்பதை அங்கே நின்ற அரை மணித்தியாலத்தில் கண்டேன். எனக்கு முன்னால் ஒருவர் 'சிப்ரோ' நாலு கேட்டார், முழு அட்டையும் இல்லை, நாலே நாலு. எனக்குப் பின்னால் வந்த ஒரு தாய் வெறும் போத்தலைக் காட்டி அதே பாணி வேண்டும் என்றார். இருவருக்கும் இல்லை என்ற பதில்தான். முதலாமவர், "அடுத்த சந்தியிலை தருவினம்" என்று சத்தம் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார். தருவார்கள் என்பதும் உண்மை. அந்தத் தாயிடம் மருந்தாளர் அம்மா கொஞ்சம் கடுமையாகவே பேசினார்; அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் தாய் பேசாமல் பொதியை வாங்கிக்கொண்டு, குவளைப் பாடத்தையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று வாங்குக்கும் கையெழுத்துக்கும். ஞாயிற்றுக்கிழமை பூட்டு, சனிக்கிழமை காலையில் சந்தைச் சனம் குறைவு. போகும்போது பிள்ளையின் கிளினிக் பதிவேட்டைக் கையோடு கொண்டு போங்கள். நிறை தெரியாமல் போனால் என்னைப் பார்த்த அதே பார்வையை உங்களையும் பார்ப்பார்.